வால் முளைத்த புள்ளி

பூங்கொடியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய கிண்ணம் போன்ற கருவி ஒன்று இருக்கிறது அங்கே. அதற்குள் முகத்தை நீட்டி, தாடையை ஊன்றி, நடுவில் இருக்கிற மஞ்சள் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றி எங்காவது வெளிச்சப் பொட்டு ஒன்று மினுங்கினால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை பொட்டு தெரிந்தது, எத்தனை தெரியவில்லை என்று கருவி படம் போட்டுக் கொடுத்துவிடும். பூங்கொடிக்கு அந்த நடு விளக்குதான் தெரியாது. "தெரியாததை எப்படிங்க பாத்துட்டே இருக்கறது?" என்று போன தடவை கருவியை இயக்குகிற பெண்ணிடம் கேட்டாள். "இருக்குதுன்னு நெனச்சுப் பாருங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, தினமும் பலருக்குச் சொல்லிப் பழகிய குரல். நான் அப்போது பக்கத்தில் நின்றிருந்தேன். இந்தத் தடவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவளுடைய கைப்பை என் மடியில் இருக்கிறது, அவளுடைய போன் என் கையில். நடைக்கூடத்தில் வரிசையாக நீல நாற்காலிகள், எல்லாவற்றிலும் ஆள். சொட்டு மருந்து விடுகிற ஆயாம்மா ஒவ்வொருவராகத் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்லி, "மூடிக்குங்க கண்ணு, தொறக்காதீங்க கண்ணு" என்று நகர்ந்துகொண்டிருக்கிறார். கோயமுத்தூரில் எல்லாரும் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். கண் ஆஸ்பத்திரியில் அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. எனக்கும் இத்தனை வருடமாகத் தோன்றவில்லை, இன்றைக்குத்தான் தோன்றுகிறது.

அவள் வெளியே வருவதற்குள் முடித்துவிடலாம். போனின் மேல்விளிம்பில் சின்ன அம்புக்குறி காலையிலிருந்தே நிற்கிறது. புதிய மென்பொருள் இறங்கித் தயாராக இருக்கிறது, நிறுவலாமா என்று கேட்கிறது. நிறுவு என்று தொட்டேன். ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது. இதற்காகத்தான் காத்திருந்தேன். இப்போது வருகிற போன்களின் திரை ஒரு நொடிக்கு நூற்றிருபது தடவை தன்னை அழித்து மறுபடி வரைந்துகொள்கிறது. பழைய போன்களில் அறுபதுதான். அசையாத படத்துக்கு இதில் எந்த வித்தியாசமும் இல்லை. அசைகிற எதற்கும் உண்டு. விரலால் தள்ளினால் அறுபதில் எழுத்துகள் தத்தித் தத்திப் போகும், நூற்றிருபதில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் நூற்றிருபதுள்ள போனை வாங்கிவிட்டால் எல்லாமே வழுக்கிவிடாது. போன் தயாரிக்கிற கம்பெனி தன்னுடைய செயலிகளுக்கும், ஊரே வைத்திருக்கிற பெரிய செயலிகள் சிலவற்றுக்கும் மட்டும்தான் அந்த வேகத்தைத் திறந்துவிடும். மற்றவை அறுபதிலேயே கட்டிப் போடப்பட்டிருக்கும். கேட்டால் பேட்டரி என்பார்கள். கண் குறைந்தவர்கள் படிப்பதற்காக நான் எழுதிய செயலி மற்றவற்றில் ஒன்று. அதை உபயோகிக்கிறவர்கள் சில நூறு பேர், முக்கால்வாசிப் பேர் இந்த மாதிரி நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள். நான் பகலில் செய்கிற வேலை வேறு, மோட்டார் பம்பு கம்பெனியில் பம்பின் முகப்பில் இருக்கிற சின்னத் திரைக்கு நிரல் எழுதுகிறேன். அந்தத் திரையில் எழுத்து ஓடாது. தண்ணீர் இருக்கிறது, இல்லை, மோட்டார் சூடாகிவிட்டது, அவ்வளவுதான் அது சொல்லும். அதற்கு ஒரு நொடிக்கு ஒரு தடவை வரைந்தாலே போதும், விவசாயி குறை சொல்ல மாட்டார்.

பூங்கொடி ப்ரூஃப் பார்க்கிறவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடுகிற கம்பெனியில், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழில் வருகிற எல்லாம் அவள் கண் வழியாகத்தான் போகும். கல் என்பதில் புள்ளி விட்டுப்போனால் கல ஆகிவிடும், நெல் நெல ஆகிவிடும். கம்பெனியில் எல்லாரும் விட்டுவிடுகிற புள்ளியை அவள் பிடித்துவிடுவாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏங்க, இப்பல்லாம் வார்த்தைக்கு நடுவுல ஒரு எழுத்தக் காணோமுங்க" என்றாள். கம்பெனியில் அச்சு சரியில்லை என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். எந்த வார்த்தையைப் பார்த்தாலும் நடுவில்தான் காணாமல் போகிறது என்று தெரிந்தபோது இங்கே வந்தோம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறது, ஓரங்கள் தங்கும், நடு தங்காது என்று டாக்டர் சொன்னார். "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். எங்களுடையது அந்நியம், அவளுடைய அப்பாவும் அம்மாவும் சொந்தம் என்று சொன்னோம். தலையாட்டிக்கொண்டு எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்த்தேன். பார்த்ததும் வெட்கமாக இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளால் எட்டிப் பார்க்க முடியாதே என்று. இங்கே வேலை செய்கிற ஒரு பெண்தான் படிப்பதற்கு ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்தாள். வரியின் மேலே கண்ணைத் தேடவிடாமல், கண்ணை ஓர் இடத்தில் அசையாமல் நிறுத்திக்கொண்டு, எழுத்துகள் கண்ணைக் கடந்து போகும்படி ஓடவிட்டால், கெடாத ஓரத்தால் படித்துவிடலாமாம். பழகினால் வருமாம். அன்றைக்குச் சாயங்காலமே நான் எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒரே ஒரு வரி, பெரிய எழுத்து, கருப்பில் மஞ்சள், வலமிருந்து இடமாக ஓடும். வேகத்தை விரலால் கூட்டலாம், குறைக்கலாம். அதைச் செய்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்குக் கண் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவன் சந்தோஷமாக இருந்தான் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்.

பழகினாள். ஒரு பக்கத்துக்கு முன்பைவிட நாலு மடங்கு நேரம் ஆனது, ஆனாலும் பழகினாள். கம்பெனிக்காரர் பக்கங்களைப் போனுக்கே அனுப்பிவைத்தார். ஒரு குறை மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள். "எழுத்து தெரியுதுங்க. புள்ளிதான் நிக்க மாட்டேங்குது. வால் மொளச்சு ஓடுது." எழுத்து பெரியது, புள்ளி சின்னது. அறுபதில் அது தத்துகிறபோது இருந்த இடத்தில் ஒன்றும் போகிற இடத்தில் ஒன்றுமாக இரண்டாகத் தெரியும், இரண்டும் சேர்ந்து இழுபட்டுப்போகும். என் கண்ணுக்கே அப்படித்தான் தெரிந்தது. அதனால்தான் இந்தப் போனை வாங்கினோம். வாங்கி, பெட்டியைப் பிரித்து, அதன் அமைப்புப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தபோது எண்ணெய் விட்டது போல வழுக்கியது. என் செயலியைத் திறந்தேன். தத்தியது. எங்கோ நான்தான் தவறு செய்திருக்கிறேன் என்று ஒரு வாரம் நிரலைக் குடைந்தேன். தவறு எதுவும் இல்லை. போன் கம்பெனியின் பட்டியலில் என் செயலியின் பெயர் இல்லை. எழுதிக் கேட்டேன். மூன்றாம் தரப்புச் செயலிகளுக்கான ஆதரவு படிப்படியாக விரிவாக்கப்படும் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில் வந்தது. மூன்றாம் தரப்பு. போன் தயாரிக்கிறவன் முதல் தரப்பு, வாங்குகிறவள் இரண்டாம் தரப்பு, நடுவில் எவனோ ஒருத்தன் மூன்றாவது. அந்த வார்த்தை எனக்குள் எங்கோ மாட்டிக்கொண்டது. பம்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் வரும். அவளுடைய கண் ஒரு தரப்பு, அவள் ஒரு தரப்பு, நான் யார். மாசி மாதம் நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். என் மனைவி இந்தச் செயலியை வைத்துத்தான் வேலை பார்க்கிறாள், உங்கள் திரையின் பாதி வேகத்தை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள், அந்தப் பாதியில்தான் அவளுடைய புள்ளி இருக்கிறது என்று. எழுதிவிட்டு அந்தக் கடைசி வாக்கியத்தை நானே பலமுறை படித்துக்கொண்டேன். நன்றாக எழுதிவிட்டதாக ஒரு நினைப்பு. அதைப் படித்துத்தானோ, வேறு எதனாலோ, போன வாரம் பதில் வந்தது. அடுத்த மேம்படுத்தலில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். அவளிடம் சொன்னேன். "அப்படியா, நல்லதுங்க" என்றாள். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் சொல்வாளே, அந்த மாதிரி.

நீலக் கோடு பாதியைத் தாண்டியிருக்கிறது. உள்ளே அவள் எத்தனை தடவை பொத்தானை அழுத்தியிருப்பாள். கதவுக்குக் காதைக் கொடுத்தால் கருவியின் முனகல் கேட்கலாம், பொத்தானின் சத்தம் கேட்காது. போன தடவை நான் உள்ளே இருந்தபோது கிண்ணத்தில் பொட்டுகள் மினுங்குவதை நானும் பார்த்தேன். இடது மேல் மூலையில் ஒன்று வந்தது, அழுத்தினாள். அடுத்தது வந்தது, அவள் அழுத்தவில்லை. அழுத்து என்று என் கட்டைவிரல் என் சட்டைப்பைக்குள்ளேயே அழுத்தியது. அதற்கடுத்தது, அதற்கடுத்தது. அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள், எதுவும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு. வந்தது தெரியாதவளுக்குத் தவறவிட்டதும் தெரியாது. நான்தான் ஒவ்வொன்றாகத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வெளியே உட்காரச் சொன்னதில் எனக்கு நிம்மதிதான். உண்மையைச் சொன்னால், இந்த நீலக் கோடு இருப்பதிலும் நிம்மதி. இது நகருவது கண்ணுக்குத் தெரிகிறது, முடியும் என்று தெரிகிறது. டாக்டர் சொல்வதில் எந்தக் கோடும் இல்லை. ஓரம் தங்கும் என்று முதலில் சொன்னார், போன தடவை பெரும்பாலும் தங்கும் என்றார். அந்தப் பெரும்பாலும் என்கிற சொல் அதற்கு முன்னாலும் இருந்ததா, நான் கவனிக்காமல் விட்டேனா, அவர் புதிதாகச் சேர்த்துக்கொண்டாரா. பூங்கொடியிடம் கேட்கலாம், அவள் ஒரு சொல்லையும் தவறவிட மாட்டாள். கேட்டால் நான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துவிடும். அதனால் நாங்கள் இருவரும் புள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அறுபதைப் பற்றியும் நூற்றிருபதைப் பற்றியும் பேசினோம். ராத்திரி சாப்பாட்டின்போது, "இன்னிக்கு எதாச்சும் எழுதுனாங்களா அவங்க?" என்று அவளே கேட்பாள், நான் விளக்குவேன், அவள் கேட்டுக்கொள்வாள்.

போன் அணைந்து, அதிர்ந்து, எழுந்தது. என் செயலியைத் திறந்தேன். அவள் கடைசியாகத் திருத்தின ஒன்பதாம் வகுப்புப் பாடம் அதிலேயே இருந்தது, மண் வகைகள் பற்றியது. ஓடவிட்டேன். முதலில் நம்பிக்கை வரவில்லை, நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். கரிசல் மண் ஈரத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் தன்மை உடையது. ல் வந்தது, ண் வந்தது, த் வந்தது, ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் புள்ளி உருண்டையாக, தனியாக, ஒட்டிவைத்தது போல நின்றபடியே போனது. வால் இல்லை. வேகத்தைக் கூட்டினேன். அப்போதும் வால் இல்லை. மூலையில் திரையின் வேகத்தைக் காட்டுகிற சின்ன எண்ணை வரவழைத்துப் பார்த்தேன், நூற்றிருபது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு கண்ணை மூடிக் கட்டுப் போட்டிருந்த ஒருவர், இன்னொரு கண்ணால் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் மில்லில் சூப்பர்வைசர் என்று வந்தவுடனேயே சொல்லியிருந்தார்.

"என்னங்க, படம் ஓடுதுங்களா?" என்றார்.

"இல்லீங்க, எழுத்துங்க."

"எழுத்து எதுக்குங்க ஓடோணும்? அது நின்னாத்தான படிக்க முடியும்?"

"சில பேருக்கு ஓடுனாத்தான் படிக்க முடியுங்க" என்றேன். அவர் அதை யோசித்தார். பிறகு ஆயாம்மா வந்து அவர் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்துவிட்டார்.

கதவு திறந்தது. கருவியை இயக்குகிற பெண் பூங்கொடியை முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனாள். பூங்கொடி வாசலில் நின்று தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள், என்னைத் தேடுகிறாள் என்று அர்த்தம். நேராகப் பார்த்தால் நான் இருக்க மாட்டேன். எழுந்து போய் அழைத்துவந்து உட்கார வைத்தேன். முகம் கழுவினது போல இருந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"சும்மா உக்காந்திருந்தேங்க. அந்தப் புள்ள நடுநடுவுல மேடம், தூங்கறீங்களான்னு கேட்டுச்சு." சிரித்தாள். "பொத்தான ரொம்ப அழுத்தல போல."

கையில் இருந்ததை நீட்டினேன். "வந்துருச்சு பூங்கொடி. நூத்திருபது வந்துருச்சு. புள்ளி அப்படியே நிக்குது, பாரு." சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேட்டது, இந்த இடத்துக்குக் கொஞ்சம் அதிகச் சத்தமாக. அவள் போனை வாங்கவில்லை. கைப்பையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரைச் சரிசெய்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க. நான் அதுல படிக்கிறத நிறுத்தி நாளாச்சு."

"எதுல?"

"நீங்க பண்ணுனதுல. ஓரத்துலயும் எழுத்து நிக்கறதில்லீங்க. பொங்கலுக்கு அப்புறம் ப்ரூஃப் பாக்கறதில்ல. பள்ளிக்கூடத்துக்காரங்க போன் பண்ணுனா ஆர்டர் கேட்டுக்கற வேலைக்குக் கம்பெனிக்காரரு மாத்திக் குடுத்துட்டாரு."

"வீட்டுல பாத்துட்டு இருந்தியே. நெதமும்."

"ஓட விட்டுட்டு முன்னால புடிச்சுக்குவேன். நீங்க பக்கத்துல இருக்கறப்ப."

எனக்கு முதலில் தோன்றியது, அப்படியானால் மாசி மாதம் நான் எழுதிய மின்னஞ்சல் பொய் என்பதுதான். என் மனைவி இந்தச் செயலியை வைத்துத்தான் வேலை பார்க்கிறாள். பொங்கல் தை, மின்னஞ்சல் மாசி. அவர்களுக்குத் திருத்தி எழுத வேண்டுமோ என்றுகூட ஒரு கணம் போனது புத்தி. மனுஷப் புத்தி எங்கெங்கேயோ போய் ஒதுங்கிக்கொள்கிறது. அப்புறம் எங்கள் வீட்டுக் கூடம் தெரிந்தது. அவள் நாற்காலியில், முகத்துக்கு நேரே போன், மஞ்சள் வரி ஓடிக்கொண்டிருக்கிறது, வெளிச்சம் அவள் மூக்கில். எதிரே நான் மடிக்கணினியில் போன் கம்பெனிக்கு அடுத்த மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுநடுவே தலைதூக்கிப் பார்த்து, படிக்கிறாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு மறுபடி எழுதுகிறேன். எத்தனை சாயங்காலம். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வலி என்றும் சொல்ல முடியாது. மோட்டார் நின்ற பிறகு குழாயில் மீதித் தண்ணீர் இறங்குமே, உடம்புக்குள் அது போல ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க அவங்களோட சண்ட போட்டுட்டு இருந்தீங்க. அப்ப நல்லாச் சாப்புட்டீங்க. நல்லாத் தூங்குனீங்க." கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். "அதுக்கு முன்னால நீங்க தூங்கலீங்க. எனக்குத் தெரியும். நானும் தூங்கல."

நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். எங்கள் பெயர் இல்லை. டாக்டரைப் பார்க்க இன்னும் நேரமிருந்தது. அவர் படத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு என்னைவிட முன்னாலேயே தெரிந்திருந்தது. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கும் தெரியும் என்கிற நிலை எங்களுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வந்திருக்கிறது என்று நினைத்தேன். அதில் சங்கடமும் இல்லை, ஆறுதலும் இல்லை, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். போனை அணைத்துப் பையில் போடலாம் என்று எடுத்தேன்.

"இருங்க" என்றாள். "வந்துருச்சுன்னீங்களே. ஓட விடுங்க பாக்கலாம்."

"வேண்டாம் பூங்கொடி."

"அட, விடுங்க."

ஓடவிட்டேன். அவள் அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடிக்காமல் வலப்பக்கமாக, காதுக்குப் பக்கத்தில் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் இல்லை. மஞ்சள் வெளிச்சம் அவள் கன்னத்தில் போய்க்கொண்டிருந்தது.

"எழுத்து ஒண்ணும் தெரியலீங்க" என்றாள். பிறகு, "ஆனா போறது தெரியுது. முன்ன ஒதறிக்கிட்டே போவும். கண்ண வலிக்கும். இது நோவாமப் போவுது."

"படிக்கட்டுமா? என்ன போகுதுன்னு?" என்று கேட்டேன்.

"என்ன போனா என்னங்க" என்றாள், சுவரிலிருந்து பார்வையை எடுக்காமல். "கொஞ்ச நேரம் போவட்டும்."

கையை ஊன்றிக்கொள்ள இடமில்லாமல் அவளுடைய முழங்கை ஆடியது. நான் என் கையை அதற்குக் கீழே கொடுத்தேன். எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்காது. இரண்டாவது தடவை கூப்பிடுகிற வரைக்கும் இருவரும் எழுந்திருக்கவில்லை.